மோட்டார் சைக்கிளுக்கு அடியிலிருந்து ஒரு வேண்டுதல்

முருகனிடம் பூக்கேட்கப் போய், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே ஒப்புக்கொண்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் சாமி காலடியில் வைத்தால் பண்டாரம் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியது. கிணறு வெட்டுவதிலிருந்து பெண் எடுப்பதுவரை எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் யாரும் எதுவும் செய்வதில்லை. நானும் கேட்டேன். "முருகா, மேட்டுப்பாளையத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கு வந்திருக்குது, வாங்கட்டுமா?" கேள்வி உண்மையான கேள்விதான். பதிலை மட்டும் வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

வெள்ளை வந்தது. ஆச்சரியப்பட்டவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன். "மனசாரக் குடுத்துட்டாருங்க" என்றார் பண்டாரம். என் வீட்டுக்காரி பாவாத்தாள் மட்டும் பிரிக்காமல் கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டவைகளைக் கண்டுதான் எனக்கு எப்போதும் பயம்.

கிருத்திகைக்குக் கிருத்திகை எங்கள் ஊர்க் கரட்டுக் குன்றின்மேல், முருகன் கோயிலில் கூடுகிற அன்பர்களே! "நஞ்சப்பா, ஆடி மாசம் நடந்ததை நீ வாயால சொன்னா பாதியிலயே சிரிச்சுக் கெடுத்துப்போடுவே, எழுதிக் குடு" என்று நீங்கள் கேட்டதற்காக எழுதுகிறேன். எழுதினாலும் கெடுக்கத்தான் போகிறேன். ஆனால் ஒன்று. சிரிப்பு என்னுடையது, நடந்தது முருகனுடையது. இரண்டையும் கலந்து பார்த்துவிட வேண்டாம்.

சுற்றுகிற எந்தச் சாமானைப் பார்த்தாலும் அங்கேயே நின்றுவிடுகிற வியாதி எனக்குச் சிறு வயசிலிருந்தே உண்டு. பைக்காரா அணைக் கரண்டு எங்கள் பக்கம் வந்து, பக்கத்து ஊர்த் தோட்டத்தில் முதல்முதலாக மோட்டார் வைத்தபோது, சோறு தண்ணி இல்லாமல் இரண்டு நாள் அதன் எதிரே குந்தியிருந்தேன். தோட்டத்துக்காரர், "ஏனுங்க, நீங்க இதுக்குக் காவலுங்களா?" என்று கேட்டார். அப்படிப்பட்டவன் மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டி ஒன்றில், சாக்குப் பையை மூடிப் படுக்க வைத்திருந்த அந்த வண்டியைப் பார்த்தால் என்ன ஆகும்?

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது அதை மண்டிக்காரரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அமெரிக்காவில் செய்தது. எஞ்சினில் இரண்டு பெரிய உருளைகள், கை முட்டி இரண்டைச் சேர்த்து வைத்தாற்போல. டாங்குக்குப் பக்கத்தில் கியர் போட ஒரு தடி. கிளட்சு காலில். எண்ணெயைக் கையால் பம்ப் அடிக்க வேண்டும். ரப்பர்க் குண்டு வைத்த ஹாரன். சாக்கைத் தூக்கினதும் பாக்கு வாசமும் எண்ணெய் வாசமும் கலந்து முகத்தில் அடித்தது. அங்கேயே நான் போய்விட்டேன். உடம்பு மட்டும்தான் ஊருக்குத் திரும்பிப் பூக்கேட்க வந்தது.

வண்டி வீட்டுக்கு வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மாட்டு வண்டியில் ஏற்றித்தான் வந்தது. இறக்க ஆறு பேர். பாவாத்தாள் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்குப் புல்லுப் போடோணுமா, தண்ணி காட்டினாப் போதுமா?"

"பெட்ரோல் ஊத்தோணும்."

"சாணி போடாதுங்களா?"

"போடாது."

"அப்ப என்னத்துக்குங்க இது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். விவசாயி வீட்டுப் பெண்ணிடம் இதற்கு என்ன பதில் சொல்வது?

எனக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சு மண்டித் தராசில் நாலு பேரைப் பிடிக்கச் சொல்லி வண்டியை நிறுத்தேன். வண்டியை இறக்கிவிட்டு நானும் ஏறி உட்கார்ந்து நிறுத்தேன். வண்டி என்னைப்போல நாலரை ஆள் கனம். என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பஞ்சு மூட்டைக்குப் பதிலாக என்னைக் கட்டி வைத்தால் வியாபாரிக்கு நஷ்டம். இந்த உடம்பை வைத்துக்கொண்டு கிக்கரை மிதிக்க வேண்டும். ஒரு கல்லைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, இரண்டு காலாலும் குதித்து மிதிப்பேன். சில நாள் வண்டி கிளம்பும். சில நாள் கிக்கர் எதிர் உதை உதைத்து நான் கிளம்பிவிடுவேன். ஏன் உதைக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. கைப்பிடியில் தீப்பொறியை முன்னே பின்னே தள்ளுகிற ஒரு திருகு இருக்கிறது, அதை நான் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தேன். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் முழங்காலைத் தவிர யாரும் சந்தோஷப்படவில்லை.

ஸ்டாண்டு இன்னொரு கதை. பின்சக்கரத்தைத் தூக்கித்தான் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். என்னால் தூக்க முடியாது. ஆகையால் எங்கே போனாலும் வண்டியை ஏதாவது ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் என் போக்குவரத்தே மரத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. தென்னை இருக்கிற வீட்டுக்காரர் எல்லோரும் எனக்கு நெருங்கிய சிநேகிதர்கள் ஆனார்கள். வெட்டவெளியில் வீடு கட்டியிருந்த சொந்தத் தாய்மாமனை ஆறு மாசம் பார்க்கவே போகவில்லை.

சிரித்தது போதும். இனிமேல்தான் என் தப்பு.

என் பெரியப்பா மகன் சென்னியப்பண்ணன். என்னைவிட நாலு வயசு மூத்தவர். பங்காளி. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவருடையது. நாள் முழுக்கச் சேர்த்தாலும் இருபது வார்த்தை பேசாதவர். மயிலை ஒன்று, செவலை ஒன்று, இரண்டு காங்கேயம் காளைகள் வைத்திருந்தார். அதுகளோடு மட்டும் கொஞ்சம் பேசுவார்.

தை மாசத்தில் ஒரு காலை. அவர் சோளத்தட்டுப் பாரம் ஏற்றிக்கொண்டு வண்டித் தடத்தில் போய்க்கொண்டிருந்தார். நான் பின்னால் வந்தேன். ஒதுங்கிப் போகலாம், நின்று போகலாம், ஆயிரம் வழி இருந்தது. நான் ஹாரனை அமுக்கினேன். அமுக்கிய கையோடு அந்தத் தீப்பொறித் திருகிலும் கை பட்டது. என் வண்டி பீரங்கி வெடித்ததுபோல ஒரு வெடி வெடித்தது. காளைகள் மிரண்டு ஓடி, மாட்டு வண்டி கிளுவை வேலிக்குள் போய்க் குடை சாய்ந்தது. அண்ணன் தூக்கி எறியப்பட்டார். இடது தோள் இறங்கிவிட்டது.

நான் ஒரு வேப்ப மரத்தைத் தேடிப் பிடித்து வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடி வந்தேன். வந்தவன் "அண்ணா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் எனக்குப் பழக்கமான வேலையைத்தான் வாய் செய்தது.

"ஏனுங்கண்ணா, உங்க மாட்டுக்கும் ஒரு பிரேக் வெச்சுப்போடலாமுங்களா?"

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில்கூட ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்றோடு எங்களுக்குள் பேச்சு விட்டுப்போயிற்று. ஒரே கல்யாணச் சீரில், ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு வேண்டுமென்றால் அவர் பரிமாறுகிறவரிடம் கேட்பார், என் இலைக்குப் பக்கத்தில்தான் உப்பு இருக்கும்.

பெரியவர்கள் கூடிப் பேசி, அண்ணன் தோட்டத்து வழியே போகிற வண்டித் தடத்தில் நான் மோட்டார் சைக்கிளில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரிதான். இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். நாலரை ஆளை யார் தள்ளுவது? அதைவிட ரோஷம் கனமாக இருந்தது. அண்ணன் தோட்டத்துக்குப் பின்புறம், கரைக்குக் கீழே மணல் பள்ளம் ஒன்று ஓடுகிறது. மலையில் மழை பெய்தால்தான் அதில் தண்ணீர். மற்ற நாளெல்லாம் வெறும் மணல். அதில் இறங்கி ஏறினால் அவர் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. நான் அந்த வழியைப் பிடித்தேன். கண்டுபிடித்தவன் என்ற கர்வம் வேறு.

ஆடிப் பதினெட்டு கழிந்து மூன்றாம் நாள். தொண்டாமுத்தூரில் ஒரு சிநேகிதர் புதுசாக ஆயில் எஞ்சின் வாங்கியிருந்தார். அதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் இல்லை. பாவாத்தாளோ, "மலையெல்லாம் கறுத்துக் கெடக்குது, பள்ளத்துப் பக்கம் போகாதீங்க" என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். அதனால் அவளிடம், "கோயமுத்தூர் ஜின்னிங் மில் வரைக்கும் போயிட்டு வாரேன், பொழுது சாய வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, கிழக்கே போகிறவன்போலக் கிளம்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு மேற்கே திரும்பினேன். சாமியிடம் பொய், சம்சாரத்திடம் பொய். கணக்கு நேராயிற்று.

எங்களூரில் வெயில் பளீரென்று அடித்தது. மேற்கே மட்டும் மலை தெரியாமல் மேகம். பள்ளத்தில் இறங்கினேன். நடுப்பள்ளத்தில் முன்சக்கரம் மணலில் புதைந்தது. இடது காலை ஊன்றினேன். கால் மணலுக்குள் போனது. வண்டி அவசரமே இல்லாமல், கோயில் யானை மண்டி போட்டு உட்காருவதுபோல, மெதுவாக என்மேல் உட்கார்ந்தது.

எஞ்சின் அணைந்தது. இடது கால் தொடைக்குக் கீழே முழுவதும் வண்டிக்கு அடியில். மணல் மெத்தையாக இருந்ததால் எலும்பு நொறுங்கவில்லை, ஆனால் அசைக்க முடியவில்லை. புகைக்குழாய் ஆடுதசையில் ஒட்டிக்கொண்டு சுட்டது. சதை கருகுகிற வாசம் எனக்கே வந்தது. கத்தினேன். ஆடிக்காற்று என் குரலை என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. ஹாரன் ஒரு முழம் தள்ளி இருந்தது, கை எட்டவில்லை. மணலைக் கையால் தோண்டினேன். தோண்டத் தோண்ட ஓரத்து மணல் சரிந்து மூடியது. தூக்கிப் பார்த்தேன். நாலரை ஆள். நின்றுகொண்டே தூக்க முடியாதவன் படுத்துக்கொண்டு எங்கே தூக்குவது?

முதலில் எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அடிப்பக்கத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. எண்ணெய் ஒழுகுகிற இடத்தை ஆறு மாசமாகத் தேடிக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. 'ஓ, இதுதானா' என்று நினைத்தேன். அப்போதுதான் மேற்கேயிருந்து ஒரு சத்தம் வந்தது. காய்ந்த சருகை யாரோ முறத்தால் தள்ளிக்கொண்டு வருவதுபோல.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். மணலின்மேல் நுரை ஒரு கோடாக வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் சருகும் சுள்ளியும் எறும்புக் கூட்டமும். கோடு பெரியதல்ல, இரண்டு விரல் உயரம் இருக்கும். பள்ளத்து ஓரத்தில் பிறந்தவனுக்கு அந்த இரண்டு விரல் உயரம் எதற்கு முன்னோடி என்று தெரியும். பின்னால் வருவது ஆள் உயரம் வரும், எருமையையே உருட்டிக்கொண்டு போகும்.

வீட்டுக்காரி நான் ஜின்னிங் மில்லில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். பொழுது சாயும்வரை என்னை யாரும் தேடப்போவதில்லை. தேடினாலும் கிழக்கேதான் தேடுவார்கள். அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சத்தம் போட்டு அழுதேன்.

அப்புறம் வேண்ட ஆரம்பித்தேன். என் வேண்டுதலை அப்படியே எழுதுகிறேன், ஒளிக்க மாட்டேன்.

"முருகா, எனக்குப் பலத்தைக் கொடு, இதைத் தூக்கிப் போடுகிறேன்." மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். வண்டி அசையவில்லை. தண்ணீர் முதுகை நனைத்தது.

"முருகா, மொட்டை போடுகிறேன். காவடி எடுக்கிறேன். மீசையையும் தருகிறேன்." எங்கள் பக்கத்தில் ஆம்பளை மீசையைத் தருகிறேன் என்றால் எவ்வளவு நெருக்கடி என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் தோளுக்கு வந்தது.

"முருகா, பூவில் நான் செய்த திருட்டு உனக்குத் தெரியும். இரண்டும் வெள்ளை. உன்னைப் பேசவிடாமல் உன் வாயை நானே கட்டினேன். தப்பு. யாரையாவது அனுப்பு. யாராக இருந்தாலும் சரி." இதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தியைப் பாருங்கள். "சென்னியப்பண்ணனைத் தவிர" என்று சேர்த்துச் சொன்னேன்!

சாகிறபோதுகூட முருகனுக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்! எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் கையால் பிழைப்பது என்று நினைத்தேன்.

தண்ணீர் காதுக்குள் போனது. உலகத்துச் சத்தமெல்லாம் அடைத்துப்போய், என் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. அப்போது எனக்கு அவருடைய தோள் ஞாபகம் வந்தது. இறங்கின தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைப் பார்த்த அந்தப் பார்வை. மொட்டையும் காவடியும் விட்டுப்போயிற்று.

"முருகா, அவரையே அனுப்பு" என்றேன். "அவர் வராவிட்டாலும், நான் தப்புச் செய்தவன் என்று அவருக்கு எப்படியாவது தெரியப்படுத்திவிடு."

இவ்வளவுதான் வேண்டினேன். கண்ணைத் திறந்தேன்.

கரைமேல் ஒரு தலைப்பாகை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு ஜோடிக் கொம்பு.

சென்னியப்பண்ணன் நின்றிருந்தார். மயிலையும் செவலையும் நுகத்தோடு. தோளில் கவலை இறைக்கிற வடக்கயிறு சுருட்டிக் கிடந்தது. கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற அந்தக் கயிறு எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு யாரும் சும்மா உலாவ வரமாட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மேற்கே தண்ணீரைப் பார்த்தார். பிறகு மயிலையின் கழுத்தைத் தட்டி அதனிடம் சொன்னார்: "மயிலே, அந்தாளுக்குக் காலு அசையுதான்னு கேளு."

பேச்சு விட்டுப்போனவர் அல்லவா! சாகப்போகிறவனிடம்கூட நேராகப் பேசுவதாக இல்லை. எனக்கும் முறை தெரியும். தண்ணீரைத் துப்பிவிட்டு, "மயிலே, அசையலைன்னு சொல்லு" என்றேன்.

"எலும்பு முறிஞ்சுதான்னு கேளு."

"தெரியலை, சீக்கிரம் தூக்கச் சொல்லு மயிலே!"

சறுக்கிக்கொண்டு இறங்கினார். முழங்காலளவு தண்ணீரில் நின்று, கயிற்றின் நுனியை வண்டியின் கழுத்தில் கட்டினார். கயிற்றைக் கரையோரத்துப் புங்க மரத்துக் கவட்டையில் போட்டு, மறு நுனியை நுகத்தில் மாட்டினார். காளைகளை எங்களுக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினார். என் வண்டியைக் கண்டால் நாலு பர்லாங் ஓடுகிற மாடுகள், என்ன செய்யுமோ என்று எனக்கு உயிரே இல்லை. ஆனால் கவலை மாடு முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்காது. கிணற்றில் விடுகிற பெரிய வாளி, அந்தச் சால் நிறையத் தண்ணீர் வருவதாகத்தான் அதற்கு நினைப்பு. "ஹோ... ஹோய்" என்று அண்ணன் கிணற்றில் குரல் கொடுப்பதுபோலக் கொடுத்தார். மயிலையும் செவலையும் தலையைக் குனிந்து, தினமும் போகிற நடையில், அமைதியாக நடந்தன. கயிறு முறுக்கேறியது. மரம் முனகியது. நாலரை ஆள் கனமும் என் காலை விட்டு எழுந்து நின்றது.

அண்ணன் என் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். வெளியே வந்தேன். கரைக்கு நாங்கள் ஏறவும், பின்னால் பெருந்தண்ணீர் வரவும் சரியாக இருந்தது. செம்மண் நிறம். அதில் ஒரு முழு வாழை மரம் உருண்டு போயிற்று. வண்டி கயிற்றில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் முழுகி முழுகி எழுந்தது. காளைகள் இழுத்துப் பிடித்து நின்றன. அண்ணன் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மயிலே, இது இன்னும் ஓணுமா, விட்டுப்போடலாமான்னு கேளு."

உயிர் பிழைத்த அந்த நிமிஷத்திலும் சொன்னேன்: "மயிலே... கொஞ்சம் பிடிச்சுக்கச் சொல்லு."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்ததுபோல் எனக்குத் தோன்றியது. சத்தியம் செய்ய மாட்டேன்.

வண்டியைக் கரையேற்றினார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இடது தோள். இறங்கி ஏறின அதே தோள். அவர் முதுகில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "அண்ணா, மன்னிச்சுக்குங்க, அண்ணா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. வாசலில் என்னை இறக்கி வைத்துவிட்டு, "அம்மணி, உங்க ஊட்டுக்காரரை எடுத்து வெய்யுங்க" என்று பாவாத்தாளிடம் சொல்லிப் போய்விட்டார்.

பாவாத்தாள் என் காலைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் மணலைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, ஜின்னிங் மில்லு இப்பப் பள்ளத்துக்குள்ளயா இருக்குது?" கேட்டுவிட்டு என் மடியில் முகத்தை வைத்து அழுதாள்.

எலும்பு முறியவில்லை. தீப்புண் ஆற ஒன்றரை மாசம். படுத்த படுக்கையில் எனக்கு ஒரே யோசனை. கிக்கர் ஏன் உதைக்கிறது என்று ஒரு வாரம் துருவினவன், உயிர் ஏன் தப்பித்தது என்று துருவாமல் இருப்பேனா? கவலை இறைத்துக்கொண்டிருந்தவர் சாலைக் கழற்ற வேண்டும், வடத்தை உருவ வேண்டும், சுருட்ட வேண்டும், மாடுகளை ஓட்டிக்கொண்டு சோளக்காட்டு வரப்பில் வர வேண்டும். கால் ஊன்ற முடிந்ததும் கையில் கடிகாரத்தோடு நொண்டி நொண்டி அந்த வழியை நானே நடந்து பார்த்தேன். இரண்டு தடவை. எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றுதான் வந்தது. நான் "அவரைத் தவிர" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் பாதி வழி வந்துவிட்டார். நான் மீசையைப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சரியாக வேண்டுவதற்கு முன்னாலேயே பதில் கிளம்பிவிட்டது. அதைத் தெரிந்துகொண்ட இடத்தில், வரப்பின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்பர்களே, அன்று முதல் நான் பூக்கேட்கும்போது பொட்டலத்தை என் கையால் கட்டுவதில்லை. பாவாத்தாளிடம் கொடுத்துவிடுகிறேன். சிவப்பு வந்தால் சிவப்புதான். பண்டாரத்திடமும் போய் உண்மையைச் சொன்னேன், அவர் அரை நாள் என்னோடு பேசவில்லை. மொட்டை போட்டாயிற்று, மீசையும் போயிற்று. உரித்த நுங்குபோல இருக்கிற இந்த முகத்தைப் பார்த்து நீங்கள் சிரித்ததும் எனக்குத் தெரியும். காவடி வருகிற தைப்பூசத்துக்கு. வண்டி இருக்கிறது. ஆனால் எதிரே மாடு வந்தால் இப்போது எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளுகிறேன். நாலரை ஆளைத் தள்ளினால் மனுஷனுக்குத் திமிர் தானாக இறங்குகிறது, செய்து பாருங்கள்.

உங்களில் யாருக்காவது ஒரு கனம் மேலே விழுந்து கிடக்கிறதா? வியாதியோ, பகையோ, வெட்கமோ? என்னைப்போல ஆள் பேரைச் சொல்லித் தள்ளிவைக்காமல் கேளுங்கள். யார் வரவே கூடாது என்று நினைக்கிறீர்களோ அவருடைய பேரை முதலில் சொல்லிக் கேளுங்கள். அவர் ஏற்கெனவே கிளம்பியிருப்பார்.

எல்லாம் சரி, ஒரு சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. போன கிருத்திகை அன்று விபூதிப் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் தோட்டத்துக்கு நடந்தே போனேன். கவலை இறைத்துக்கொண்டிருந்தார். விபூதியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்:

"ஏனுங்கண்ணா, அன்னைக்கு நான் அங்க கெடக்கறது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? கனாக் கண்டீங்களா? கவுளி கிவுளி சொல்லுச்சுங்களா? இல்ல, முருகனே வந்து காதுல சொன்னாருங்களா?"

அவர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்தார். காளைகள் சரிவில் இறங்கின. சால் மேலே வந்து, தண்ணீர் கொட்டி, வாய்க்காலில் ஓடியது. திரும்ப மேலே வந்த பிறகு, மயிலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பள்ளத்துல எறங்குன சத்தம் கேட்டுது, ஏறுன சத்தம் கேக்கலை."